தூண்பாறைகளும் கடற்குகைகளும்: புனித மேரித் தீவுகளின் எரிமலைப் பாறை பற்றிய ஓர் ஆய்வு

கர்நாடகக் கடற்கரையில், உடுப்பியை அடுத்த மால்பே துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 6 கிலோமீட்டர் தொலைவில், கரைக்கு இணையாக வரிசையிட்டுக் கிடக்கும் சிறு தீவுகளுக்குப் புனித மேரித் தீவுகள் என்று பெயர். ஐந்து, ஆறு, ஏழு பக்கங்கள் கொண்ட தூண்களாகப் பிளந்து நிற்கும் எரிமலைப் பாறையே இவற்றின் சிறப்பு. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை இவற்றைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னங்களுள் ஒன்றாக அறிவித்துள்ளது. இத்தூண்கள் எவ்வாறு உருவாயின, எப்போது உருவாயின, கடல் அவற்றை எவ்வாறு சிதைக்கிறது, ஏனைய நாடுகளின் தூண்பாறைத் தீவுகளில் காணப்படும் பெருங்குகைகள் இங்கு ஏன் இல்லை என்னும் வினாக்கள் ஒன்றோடொன்று பிணைந்தவை. இவற்றுக்கான விடைகள், கடலிலிருந்து வெகு தொலைவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்த ராயகிரி, தென்காசி, குற்றாலம் வட்டாரத்தின் பாறை வரலாற்றையும் தொடுகின்றன என்பதே இக்கட்டுரை வலியுறுத்தும் கருத்து.

தமிழகக் கரையோரத் தீவுகளில் எரிமலைத் தூண்கள் இல்லை என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் எனக் கணக்கிடப்பட்டவை அனைத்தும் பவளப் பாறைத் திட்டுகளையும் மணலையும் அடிப்படையாகக் கொண்டவை. கன்னியாகுமரியில் விவேகானந்தர் மண்டபமும் திருவள்ளுவர் சிலையும் நிற்கும் பாறைகள், நிலத்தின் ஆழத்தில் பெருவெப்பத்திலும் பேரழுத்தத்திலும் உருமாறிய பழம்பாறைகள். அந்தமான் கடலில் உள்ள பாரன் தீவு உயிர்ப்புள்ள எரிமலைதான் எனினும், இங்கு ஆராயப்படும் வகைத் தூண்களுக்காக அறியப்பட்டதன்று. ஆகவே எரிமலைத் தூணையும் கடலரிப்பையும் ஒரே இடத்தில் காண விரும்பும் தமிழருக்கு மிக அருகிலுள்ள களம் மால்பேதான்.

தென்னந்தீவு, வடதீவு, தரியா பகதூர்கட் தீவு, தென்தீவு என நான்கு தீவுகள் இத்தொகுதியில் முதன்மையானவை. உள்ளூரில் தோன்சேபார் என்று வழங்கப்படும் தென்னந்தீவிலேயே தூண்கள் சிறப்பாகத் தென்படுகின்றன. அத்தீவின் நீளம் ஏறத்தாழ 500 மீட்டர், அகலம் 100 மீட்டர் அளவே. தூண்களில் உயரமானவை 6 மீட்டர் வரை எழுகின்றன. தாழ்ந்தவை கடல்மட்டத்தில் பலகோணத் தளக்கற்களாக மட்டும் தெரிகின்றன. குடியிருப்பு எதுவும் இல்லை. 1498-இல் கள்ளிக்கோட்டையிலிருந்து திரும்பிச் சென்ற வாஸ்கோ ட காமாவின் குழு இக்கடற்கரைத் தீவொன்றில் புனித மேரியின் பெயரால் ஒரு கல்தூணை நட்டது என்பதிலிருந்து தீவுகளின் பெயர் வந்ததாகக் கூறுவர். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளிப்பதால் மால்பேயிலிருந்து படகுகள் செல்வதில்லை.

எரிமலைக் குழம்பு, அதாவது பூமிக்குள்ளிருந்து உருகிய நிலையில் வெளிவரும் பாறை, ஒழுங்கான தூண்களாக ஏன் உறைய வேண்டும் என்னும் வினா பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் நெடிய விவாதமாக இருந்தது. கரும்பாறைத் தூண்கள் பழங்காலப் பெருங்கடலின் நீரிலிருந்து படிந்து படிகமானவை என்று ஜெர்மனியின் ஆபிரகாம் வெர்னரும் அவர் மாணவர்களும் வாதிட்டனர். பிரான்சின் ஓவர்ன் பகுதியில் 1763-இல் சுற்றாய்வு நடத்திய நிக்கோலா தேமாரே, தூண்பாறை அடுக்கு ஒன்றைத் தொடர்ந்து சென்று, அது அணைந்த எரிமலையின் வாயிலிருந்து வழிந்த குழம்போடு இணைவதைக் கண்டறிந்தார். அவர் வாதத்தின் வலிமை பாறையின் தோற்றத்தில் இல்லை. அது கிடக்கும் இடத்தில் இருந்தது. ஒரு கல்லைக் கையில் எடுத்துப் பார்ப்பதைக் காட்டிலும் அதன் தொடர்ச்சியை நிலத்தில் நடந்து தேடுவது மேலான சான்றைத் தரும் என்னும் அம்முறை, மால்பேயின் பாறைக்கு மடகாஸ்கரில் தொடர்ச்சி தேடிய இக்கால ஆய்வு வரை செல்லுபடியாகிறது.

தூண்கள் உருவாகும் விதம் இன்று பெரும்பாலும் தெளிவாகியுள்ளது. வழிந்து தேங்கிய குழம்பு மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் முதலில் குளிர்ந்து கெட்டியாகிறது. கெட்டியான பாறை மேலும் குளிரும்போது சுருங்க முயல்கிறது. ஆனால் அகன்ற பரப்பின் ஒவ்வொரு பகுதியையும் அண்டைப் பகுதி பிடித்துக்கொண்டிருப்பதால் அது ஒட்டுமொத்தமாகச் சுருங்க இயலாமல் இழுவிசைக்கு உள்ளாகிப் பிளக்கிறது. கோடையில் குளம் வற்றியபின் கரம்பை மண் பாளம்பாளமாக வெடிப்பதும் இதே விதிப்படிதான். அங்கு ஈரம் வெளியேறுகிறது, இங்கு வெப்பம் வெளியேறுகிறது. கரம்பை வெடிப்பு சிறிது ஆழத்தோடு நின்றுவிட, குழம்பிலோ குளிர்ச்சி உள்ளே இறங்க இறங்க வெடிப்பும் அதைப் பின்தொடர்ந்து இறங்குகிறது. ஆகவே தூண்கள் எப்போதும் குளிர்ந்த பரப்புக்குச் செங்குத்தாக அமைகின்றன. தூண்கள் சாய்ந்தோ வளைந்தோ காணப்பட்டால், குழம்பு தேங்கிய பள்ளத்தின் வடிவத்தை அச்சாய்விலிருந்தே மீட்டறிய முடிகிறது.

அறுகோணம் ஏன் மிகுதி என்பதற்கும் விடை உண்டு. மேற்பரப்பில் தோன்றும் முதல் வெடிப்புகள் ஒழுங்கற்றவை. பின்னர் வருவது முன்னர் இருப்பதைச் செங்கோணத்தில் சென்று முட்டும். அவை கீழிறங்கும்போது, மூன்று வெடிப்புகள் 120 பாகை இடைவெளியில் சந்திக்கும் அமைப்பை நோக்கிப் படிப்படியாகச் சீரடைகின்றன. குறைந்த பிளவுப் பரப்பில் மிகுந்த இறுக்கத்தைத் தளர்த்த அவ்வமைப்பே உகந்தது. இச்சீரமைவு எங்கும் முழுமை பெறுவதில்லை என்பதால்தான் ஐங்கோணமும் எழுகோணமும் கலந்து நிற்கின்றன. தூணின் பக்கங்களில் குறுக்காக ஓடும் மெல்லிய வரிகள், வெடிப்பு ஒரே வீச்சில் ஓடாமல் சிறுசிறு தாவல்களாக முன்னேறியதைப் பதிவு செய்தவை. மெதுவாகக் குளிர்ந்த பாறையில் தூண்கள் பருத்தும், விரைவாகக் குளிர்ந்ததில் மெலிந்தும் அமையும் என்பது நீரில் கரைத்து உலர்த்திய சோளமாவில் சிறு தூண்களை உருவாக்கிய ஆய்வுக்கூடச் சோதனைகளாலும் உறுதிப்பட்டது. எந்த வெப்பநிலையில் பாறை பிளக்கிறது என்பதை இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகக் குழு 2018-இல் வெளியிட்ட ஆய்வில் அளந்து காட்டியது: ஐஸ்லாந்தின் பசால்ட் என்னும் கரும்பாறையில் செய்த சோதனையில், கல் முழுதும் கெட்டியாகும் ஏறத்தாழ 980 பாகை செல்சியசுக்குக் கீழே 90 முதல் 140 பாகை இறங்கியதும், அதாவது 840 முதல் 890 பாகை அளவில், பிளவு நிகழ்ந்தது. செந்தணல் நிறம் மாறுவதற்கு முன்பே தூண்களின் வடிவம் முடிவாகிவிடுகிறது என்பது வியப்புக்குரிய முடிவு.

கடற்குகையின் கதை இப்பிளவுகளிலிருந்தே தொடங்குகிறது. அலை பாறையில் மோதும்போது பிளவுக்குள் சிக்கிய காற்று அழுந்தி, அலை விலகியதும் திடீரென விரிகிறது. இவ்வழுத்தம் மீண்டும் மீண்டும் நிகழ்ந்து பிளவை நெகிழ்த்துகிறது. அலை வாரி எறியும் கூழாங்கற்கள் பாறையைத் தேய்க்கின்றன. பிளவில் உலரும் உப்புப் படிகங்கள் அதன் ஓரங்களை உதிர்க்கின்றன. ஒரே கட்டியான பாறையில் இவ்வேலை மெதுவாக நடக்கும். முன்பே பிளந்து நிற்கும் தூண்பாறையிலோ ஒவ்வொரு தூணும் தனித்தனியே பெயர்த்தெடுக்கத் தக்கதாக இருக்கிறது. அலை மட்டத்தில் தூண்கள் பெயர்ந்து விழ, மேலிருக்கும் பாறை தாங்கி நின்றால் குகை உருவாகிறது; தாங்காவிட்டால் முகப்பு முழுதும் சரிந்து, அடியில் தூண்கட்டைகளின் தளம் மட்டும் எஞ்சுகிறது.

எனவே குகைக்கு மூன்று தேவைகள் உள்ளன: அடியில் பிளவுகளால் தளர்ந்த பகுதி, மேலே கூரையாக நிற்கவல்ல கெட்டியான பகுதி, இரண்டுக்கும் இடமளிக்கும் செங்குத்து உயரம். ஸ்காட்லாந்தின் ஸ்டாஃபா தீவில் மூன்றும் ஒருங்கே வாய்த்தன. அங்கு அடியில் எரிமலைச் சாம்பல் படிவும், அதன்மேல் நேரான தூண்வரிசையும், அதற்கும் மேல் விரைந்து குளிர்ந்ததால் ஒழுங்கற்று நெருங்கப் பிளந்த தடித்த கூரையும் உள்ளன. அலை நடுவரிசையைக் குடைந்ததால் ஏறத்தாழ 69 மீட்டர் ஆழமுள்ள ஃபிங்கல் குகை உருவாயிற்று. 1772-இல் இயற்கையியலாளர் ஜோசப் பேங்க்ஸ் அங்கு சென்று எழுதிய பின்னரே அது உலகப் புகழ் பெற்றது. அயர்லாந்தின் வடகரையில் ஏறத்தாழ 40,000 தூண்களைக் கொண்ட ஜயன்ட்ஸ் காஸ்வே, 1986-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. பெரும்பாலும் தூண்தளமாகவே விரிந்து கிடக்கும் அதன் தோற்றம் மால்பேயின் தோற்றத்துக்கு நெருக்கமானது.

மால்பேயோடு ஒப்பிடுவதற்கு இவ்விரண்டைவிடப் பொருத்தமான களம் ஹாங்காங்கின் கிழக்கே சாய் குங் கடற்கரையில் இருக்கிறது. அங்குள்ள தூண்கள் கரும்பாறையால் ஆனவை அல்ல. சிலிக்கா மிகுந்த எரிமலைச் சாம்பல் சூட்டோடு படிந்து இறுகி, ஏறத்தாழ 14 கோடி ஆண்டுகளுக்கு முன் தூண்களாகப் பிளந்தது. அங்கு தீவுகள் கடலிலிருந்து உயர்ந்த செங்குத்து முகங்களாக எழுகின்றன. சூறாவளிக் கால அலைகள் அவற்றைத் துளைத்துக் குகைகளையும் பாறை வளைவுகளையும் உண்டாக்கியிருக்கின்றன. மால்பேயின் தூண்களோ அதிகம் போனால் 6 மீட்டர். கூரையாக நிற்க மேலே பாறை இல்லாத இடத்தில் அலை குகை குடைவதில்லை. தூண்களைத் தலையிலிருந்தும் பக்கத்திலிருந்தும் உடைத்துத் தளமாக்குகிறது. தூண்களுக்கிடையே நீர் புகுந்து வெளியேறும் குறுகிய வாய்க்கால்களே இத்தீவுகளில் குகைக்கு நிகரானவை. ஃபிங்கல் குகை போன்ற ஒன்றை எதிர்பார்த்து அங்கு செல்பவர் ஏமாற்றம் அடையக்கூடும். ஆனால் குகை ஏன் உருவாகவில்லை என்பதை நிலத்திலேயே படித்தறியும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கிறது.

சாய் குங் ஒப்பீட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கு ஒரு தீவுக்குப் பசால்ட் தீவு என்றே பெயர்; அதன் பாறையோ பசால்ட் அன்று. அதே பிழை மால்பேயிலும் பரவலாக நிலவுகிறது. தூணைக் கண்டால் பசால்ட் என்று எழுதும் பழக்கம் சுற்றுலா நூல்களில் வேரூன்றிவிட்டது. பசால்ட் என்பது சிலிக்கா 50 விழுக்காட்டை ஒட்டி அமைந்த கரிய, இளகிய குழம்பின் பாறை. புனித மேரித் தீவுகளின் பாறையோ சிலிக்கா மிகுந்த, பிசுபிசுப்பு மிக்க குழம்பிலிருந்து உறைந்த ரயோலைட், ரயோடேசைட் வகையைச் சேர்ந்தது. இது வெறும் பெயர்ச் சிக்கல் எனத் தள்ளிவிடத் தக்கதன்று. பசால்ட் எனக் கொண்டால் மகாராட்டிரத்தைப் போர்த்தியிருக்கும் தக்காண எரிமலைப் பாய்வின் தென்கோடித் துண்டாக இத்தீவுகளைக் கருதிவிட நேரும். மும்பை அந்தேரியில் தனித்து நிற்கும் கில்பர்ட் குன்றின் தூண்களோடும் இவற்றைச் சேர்த்துவிட நேரும். தக்காணப் பாய்வின் உச்சக்கட்டம் ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. புனித மேரித் தீவுகள் அதைவிடத் தெளிவாக மூத்தவை. அவை வேறொரு நிகழ்வின் விளைவு.

எவ்வளவு மூத்தவை என்பதில்தான் ஆய்வாளரிடையே ஒருமித்த எண் கிடையாது. 1981-இல் வெளியான பொட்டாசியம்–ஆர்கான் கணிப்பு ஏறத்தாழ 9.3 கோடி ஆண்டு என்றது. பொட்டாசியத்தின் ஒரு வகை அணு, 125 கோடி ஆண்டை அரை ஆயுளாகக் கொண்டு சிதையும்போது ஆர்கான் வாயு உண்டாகிறது. பாறையில் சிக்கியிருக்கும் அவ்வாயுவை அளந்து வயதைக் கணிப்பது இம்முறை. 2000-இல் டிராண்ட் டோர்ஸ்விக் குழுவினர் யுரேனியம் ஈயமாகச் சிதைவதை அளந்து 9.12 கோடி ஆண்டு என்றனர். அவர்கள் தந்த பிழை எல்லை 2 இலட்சம் ஆண்டு மட்டுமே. அடுத்த ஆண்டே காஞ்சன் பாண்டே, ஹேது ஷேத் ஆகியோரை உள்ளிட்ட குழு, ஆர்கான் முறையின் மேம்பட்ட வடிவத்தைக் கொண்டு 8.56 கோடி ஆண்டு என அறிவித்தது. அதன் பிழை எல்லை 9 இலட்சம் ஆண்டு. இரு எண்களுக்கும் இடையே ஏறத்தாழ 56 இலட்சம் ஆண்டு இடைவெளி இருப்பதால், பிழை எல்லைகளை விரித்தாலும் அவை ஒன்றையொன்று தொடவில்லை.

இரண்டும் கவனமாகச் செய்யப்பட்ட அளவீடுகள்தான். எனினும் அவற்றின் தாங்குதிறன் ஒன்றன்று. ஆர்கான் வாயு; பாறை பின்னாளில் சூடாலோ கடல்நீராலோ மாற்றமடைந்தால் அதன் ஒரு பகுதி கசிந்து, வயது குறைவாகத் தோன்ற இடமுண்டு. யுரேனியம்–ஈயம் முறைக்கு உதவும் சிர்கான் என்னும் சிறு கனிமம், தான் வளரும்போது யுரேனியத்தை ஏற்று ஈயத்தைப் பெரிதும் விலக்குகிறது; பின்வரும் சூட்டுக்கும் எளிதில் அசைந்து கொடுப்பதில்லை. இக்காரணத்தால் 9.1 கோடியை ஒட்டிய எண்ணுக்கே கூடுதல் எடை தருவது முறை எனத் தோன்றுகிறது. எந்த எண்ணைக் கொண்டாலும் முதன்மை முடிவு மாறவில்லை: மடகாஸ்கரின் எரிமலைப் பெருக்கும் இக்காலத்ததே. அத்தீவின் பாறைகளை ஆராய்ந்து 1995-இல் மைக்கேல் ஸ்டோரி குழுவினர் வெளியிட்ட வயது ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டு. 2009-இல் லியோனே மெலுசோ குழுவினர், புனித மேரித் தீவுகளின் பாறைக்கும் மடகாஸ்கரின் கிழக்குப் பகுதியிலுள்ள சிலிக்கா மிகுந்த எரிமலைப் பாறைகளுக்கும் இடையே வேதியியல் ஒப்புமை காட்டினர். இன்று ஏறத்தாழ நாலாயிரம் கிலோமீட்டர் கடல் பிரிக்கும் இரு கரைகள் ஒரு காலத்தில் ஒரே எரிமலைப் பகுதியாக இருந்தன என்பதற்கு இதைவிட நேரடியான சான்று இந்தியப் பக்கத்தில் அரிது. பிரிவுக்குக் காரணம், இன்று இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியிலுள்ள மேரியன் தீவுக்கு அடியில் இருப்பதாகக் கருதப்படும் ஆழ்நிலை வெப்பப் பீறலா, நிலத்தட்டு இழுபட்டு மெலிந்ததா என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு தொடர்கிறது.

இவ்விடத்தில்தான் தென்காசி வட்டாரம் உள்ளே வருகிறது. ராயகிரிக்கு மேற்கே எழும் மலைகளும் குற்றாலத்தில் சிற்றாறு விழும் பாறைகளும் சார்னோகைட், நைஸ் முதலிய உருமாற்றப் பாறைகள். ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானா என்னும் பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்தபோது, அவை நிலத்தின் ஆழத்தில் சூடேறி உருமாறின. குற்றாலத்துப் பாறையிலும் பிளவுகள் உண்டு. ஆனால் அவை குழம்பு குளிர்ந்ததால் வந்தவை அல்ல. மலையெழுச்சியின் இழுப்பும், மேலிருந்த பாறைச்சுமை அரிக்கப்பட்டு நீங்கியபின் அடியிலிருந்த பாறை விரிந்ததும் அவற்றுக்குக் காரணம். ஆகவே அங்கு பாறை பாளங்களாகப் பிரிகிறது, தூண்களாகப் பிரிவதில்லை.

கேரளத்தின் அச்சன்கோவில் பள்ளத்தாக்கு வழியாகத் தென்காசிப் பக்கம் வடமேற்கு–தென்கிழக்காக ஓடும் நசுங்கு மண்டலம் ஒன்று, அதாவது இரு நிலப்பகுதிகள் ஒன்றையொன்று உரசி நகர்ந்த பட்டை, புவியியலாளரால் அச்சன்கோவில் மண்டலம் என்று அழைக்கப்படுகிறது. தென் மடகாஸ்கரின் ரானோட்சாரா மண்டலம் இதன் தொடர்ச்சியாக இருக்கலாம் எனப் பல மீட்டமைப்புகள் முன்மொழிந்துள்ளன. இரண்டின் நகர்வுத் திசை, நீளம், வயது ஆகியவை எவ்வளவு பொருந்துகின்றன என்பதில் மறுப்புகளும் உண்டு. புனித மேரித் தீவுகள் பிரிவின் காலத்தைச் சொல்கின்றன. அச்சன்கோவில் மண்டலம், பிரிவதற்கு முன் இரு நிலங்களும் எங்கெங்கு ஒட்டியிருந்தன என்பதைச் சொல்லக்கூடும். ஒன்றில்லாமல் மற்றொன்று அரைச் சான்றே என்பதால் இவ்விரண்டும் ஒருங்கே படிக்கப்பட வேண்டியவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குமுகச் செங்குத்தும் இப்பிரிவுகளின் விளிம்பில் உருவானது என்று பலர் கருதுகின்றனர். ஆனால் மலையின் இன்றைய உயரத்துக்குப் பின்னாளைய அரிப்புக்கும் எழுச்சிக்கும் எவ்வளவு பங்கு என்பது தீர்வாகவில்லை.

உயிரினச் சான்றும் இதே மலையில் கிடைக்கிறது; ஆனால் அதைக் கவனத்தோடு பயன்படுத்த வேண்டும். 2003-இல் பிஜுவும் ஃபிராங்கி பொசுய்ட்டும் கேரளத்திலிருந்து விவரித்த ஊதாத் தவளைக்கு நெருங்கிய உறவுடையவை செஷெல்ஸ் தீவுகளில் வாழ்கின்றன. அதன் உடன்பிறப்பு இனம் ஒன்று, ராயகிரிக்கு வடக்கே திருவில்லிபுத்தூர் மலைப்பகுதியிலிருந்து 2017-இல் விவரிக்கப்பட்டு, ஊர்வன ஆய்வாளர் பூபதியின் நினைவாகப் பெயர் பெற்றது. மலையின் கிழக்குச் சரிவில் வாழும் இத்தவளை வடகிழக்குப் பருவமழையின்போது இனம் பெருக்குகிறது. செஷெல்ஸ் இந்தியாவிலிருந்து பிரிந்தது மடகாஸ்கர் பிரிந்த பின்னர், தக்காண எரிமலைக் காலத்தை ஒட்டி. ஆகவே இத்தவளைகள் தாங்கி நிற்பது இரண்டாவது பிரிவின் நினைவை. முதல் பிரிவுக்கு அவற்றைச் சான்றாகக் காட்டும் கட்டுரைகள் இரு நிகழ்வுகளைக் குழப்புகின்றன.

பாதுகாப்பு நிலை மனநிறைவு தருவதாக இல்லை. கில்பர்ட் குன்று 1952-இலேயே வனச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாப்புப் பெற்றும், சுற்றிலும் கல்லுடைப்பாலும் கட்டடங்களாலும் நெருக்கப்பட்டு ஒற்றைத் தூண்திரளாகக் குறுகிவிட்டது. புனித மேரித் தீவுகளுக்குக் கல்லுடைப்பு அச்சம் இல்லை. நெகிழிக் குப்பையும், தூண்களில் பெயர் கீறுவதும், அலை மோதும் தூண்முனைகளில் படமெடுக்க ஏறுவதால் நேரும் உயிரிழப்பும் அங்குள்ள தொல்லைகள். புவியியல் நினைவுச்சின்னம் என்னும் அறிவிப்பு தன்னளவில் தண்டனை அதிகாரம் உடையதன்று. அக்குறையை நீக்கப் புவிமரபுத் தளங்களுக்கான தனிச்சட்ட வரைவு ஒன்றை நடுவண் அரசு 2022 டிசம்பரில் வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. தமிழகத்தில் திருவக்கரை, சாத்தனூர் கல்மரங்களும், காரை வறள்நிலமும், பரங்கிமலையின் சார்னோகைட் பாறையும் நினைவுச்சின்னப் பட்டியலில் உள்ளன. அச்சன்கோவில் மண்டலத்தின் பாறை எதுவும் அதில் இல்லை. சாலைக்கும் கட்டடத்துக்கும் கல் தேவை பெருகிவரும் தென்காசி, செங்கோட்டை வட்டாரத்தில், நசுங்கு மண்டலம் தெளிவாகத் தெரியும் ஓர் இடத்தையேனும் அளந்து எல்லையிட்டு, அதன் கதையைத் தமிழில் எழுதிய பலகையோடு அப்பட்டியலில் சேர்ப்பது, இப்போதே செய்யக்கூடிய, செலவு மிகக் குறைந்த பணி.